வாகனக் கூரையில் கூடாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாகனக் கூரையில் மடித்துப் பூட்டி, தங்கும் இடத்தில் விரித்துப் படுக்கும் கூரைக் கூடாரம் பற்றி வந்த கடிதங்களில் ஒரே பயம் திரும்பத் திரும்ப இருந்தது: கூரை தாங்குமா? அதிலிருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் ஜீப்பின் கையேட்டில் கூரைச் சுமை 75 கிலோ என்று போட்டிருக்கிறது. வாங்க நினைக்கும் கூடாரம் 58 கிலோ. நாங்கள் மூவரும் ஏறிப் படுத்தால் இன்னும் 160 கிலோ சேரும். 75 தாங்கும் கூரை 218ஐ எப்படித் தாங்கும்? கடைக்காரர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். நம்பலாமா?
எஸ்.ஆர்., தெஹிவளை

கடைக்காரர் சொன்னது பாதி சரி. மற்றப் பாதியைத்தான் நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டும்.

கையேட்டில் உள்ள 75 கிலோ, வாகனம் ஓடும்போது கூரையில் இருக்கக்கூடிய சுமை. ஓடும் வாகனத்தில் சுமை சும்மா இருப்பதில்லை. சில்லு ஒரு குழியில் விழுந்து எழும்பும்போது 58 கிலோ கூடாரம் ஒரு கணம் அதன் இரட்டிப்பாகக் கூரையை அழுத்தலாம். சடுதியாக பிரேக் பிடித்தால் அது முன்னோக்கி இழுக்கும். கடும் பிரேக்கில் அந்த இழுவை கூடாரத்தின் எடையில் ஏறக்குறைய 80 வீதம் வரை போகும். வளைவில் பக்கவாட்டில் தள்ளும், வாகனத்தின் ஈர்ப்பு மையத்தையும் மேலே தூக்கும். இவ்வளவையும் மனதில் வைத்துத்தான் அந்த எண்ணைக் குறைத்துப் போடுகிறார்கள். நின்ற வாகனத்தில் இந்த உதைப்பும் இழுப்பும் இல்லை. எடை நேராகக் கீழே இறங்கும், அதிலும் ஒரு பங்கை ஏணி நிலத்துக்குக் கொண்டுபோகும். ஆகவே நிற்கும்போது தாங்கும் சுமை, ஓடும்போது தாங்குவதை விடப் பல மடங்கு கூட. புதிய லேண்ட் றோவர் டிஃபெண்டரின் தயாரிப்பாளர் இரண்டையும் தனித்தனியாகவே தந்திருக்கிறார்: ஓடும்போது 168 கிலோ, நிற்கும்போது 300 கிலோ. பல வாகனங்களின் கையேட்டில் முதல் எண் மட்டுமே இருக்கும். அப்போது சந்தையில் 'மூன்று மடங்கு', 'ஐந்து மடங்கு' என்று வாய்க்கணக்குச் சொல்வார்கள். அதை வைத்துப் பிள்ளையை மேலே படுக்க வைக்காதீர்கள். றாக்கை, அதாவது கூடாரத்தைத் தாங்கக் கூரையில் பூட்டும் சட்டகத்தை, தயாரித்த நிறுவனத்திடம் நிலைச்சுமை (நிற்கும்போது தாங்கும் சுமை) எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி உங்கள் 75 கிலோவுக்கு வருவோம். இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். அந்த 75க்குள் அடங்க வேண்டியது கூடாரம் மட்டுமல்ல, கூரைக்கு மேலே உள்ள அத்தனையும். பட்டியலில் போட்ட எடையில் சில வேளை ஏணி சேர்வதில்லை, மெத்தையும் சேர்வதில்லை. உங்கள் கூடாரத்தில் ஏணி தனியே 7 கிலோ என்று வைப்போம். கூடாரத்தைத் தாங்கக் கூரையின் குறுக்கே போடும் இரண்டு குறுக்குச் சட்டங்களும் அவற்றின் கால்களும் 6 கிலோ. மடித்த கூடாரத்துக்குள்ளேயே விட்டுப்போகும் தலையணை, போர்வை 4 கிலோ. 58, 7, 6, 4: கூட்டினால் சரியாக 75. ஒரு கிலோ கூட மிச்சமில்லை. ஆகவே காசு கொடுக்க முன்னர் கூடாரத்தை முழுதாக நிறுத்துப் பாருங்கள். பழைய இரும்புக் கடைத் தராசே இதற்குப் போதும்.

இன்னொன்று: வாகனக் கூரைக்கு ஒரு எண், கூரையின் இரு ஓரத்திலும் நீளவாக்கில் ஓடும் கூரை ரெயிலுக்கு ஒரு எண், குறுக்குச் சட்டத்துக்கு ஒரு எண் என மூன்று இருக்கும். மூன்றில் சிறியதே உங்கள் எல்லை. சட்டம் 100 கிலோ தாங்கும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும் உங்கள் கூரை 75தான். கரடுமுரடான காட்டுப் பாதைக்கு என்றால், சில றாக் நிறுவனங்கள் தம் எண்ணை 1.5ஆல் வகுக்கச் சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் 75 என்பது 50 ஆகிவிடும். நக்கிள்ஸ் மலைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இந்த 50ஐத்தான் பார்க்க வேண்டும்.

2018க்குப் பிந்திய சுசுக்கி ஜிம்னி வைத்திருக்கிறேன். இருவருக்கான சிறிய கூடாரம் போடலாமா?
எம்.எஃப்., வத்தளை

அந்த ஜிம்னியின் கூரைச் சுமை எல்லை 30 கிலோ. இருவர் படுக்கும் இலேசான கூரைக் கூடாரமே பொதுவாக 40 கிலோவைத் தாண்டும், அதற்கு மேல் றாக்கின் எடை. கணக்கு ஒத்துவராது. ஜிம்னிக்கென்று விற்கும் சில றாக்குகளின் பெட்டியில் பெரிய எண் இருக்கும். அது றாக்கின் பலம், கூரையின் பலம் அல்ல. குறுகிய, உயரமான வாகனம் என்பதால் மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் கூடுதலாகச் சாய்க்கும். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பதும் கையேட்டில் உள்ள எண்ணைத்தான். நல்ல தரைக் கூடாரம் ஒன்றை வாங்கிப் பின்னால் வைத்துக்கொண்டு போங்கள்.

பழைய வேன் ஒன்றுக்கு வெல்டிங் கடையில் இரும்புக் கரியர் அடிக்கக் கேட்டிருக்கிறேன். கூரையின் இரண்டு பக்கமும் மழைநீர் வடியும் நீர்த்தாரை இருக்கிறது. கூடாரத்தை அதன் மேல் போடலாமா?
கே.வி., கொட்டாஞ்சேனை

நீர்த்தாரை உள்ள வாகனம் இதற்கு நல்லது. கூரைத் தகடும் பக்கத் தகடும் சேர்த்து ஒட்டிய இடம் அது, ஆகவே எடை நேரே உடற்சட்டத்துக்கு இறங்கும். கால்களை நான்கோடு நிறுத்தாமல் ஆறாக்கினால் ஒவ்வொரு காலுக்கும் சுமை குறையும்.

ஆனால் முதலில் தாரையைச் சோதியுங்கள். கொழும்பில், அதிலும் கடற்கரைப் பக்கம் நிறுத்தும் வேன்களில், தாரைக்குள் பூசிய சீலன்ட் வெடித்து, அதற்குள் தண்ணீர் தங்கி, பெயின்றுக்குக் கீழே கறள் ஓடியிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. ஸ்குறூட்ரைவர் முனையால் ஓர் அங்குலத்துக்கு ஒருமுறை அழுத்திக்கொண்டு போங்கள். எங்காவது பெயின்ற் பொம்மிக் கிடந்தாலோ, முனை உள்ளே இறங்கினாலோ, அந்தத் தாரை கூடாரம் தாங்காது. தகட்டு வேலையை முடித்துவிட்டுத்தான் கரியர்.

அடுத்தது கரியரின் எடை. 25 மி.மீ. சதுரப் பெட்டி இரும்பு, 2 மி.மீ. தடிப்பு என்றால் மீற்றருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. கூடை போல் விளிம்பு வைத்து, நடுவில் நெருக்கமாகக் குறுக்குப் போட்டால் 20 மீற்றர் எளிதில் முடிந்துவிடும். கரியர் மட்டுமே 28 கிலோ. கூடாரத்துக்குக் கூடையின் விளிம்பு தேவையே இல்லை, அது இடைஞ்சலும் கூட. கூடாரத்தின் அடித்தளம் விளிம்பில் முட்டினால் அதைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளாம்ப் சமமாக உட்காராது. தட்டையாக, நீளத்துக்கு இரண்டும் குறுக்கே மூன்றும் போடச் சொல்லுங்கள். துத்தநாகம் பூசிய குழாயில் வெல்ட் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும். அந்த மூட்டுகளுக்குத் துத்தநாகப் பிறைமர் அடிக்காவிட்டால் கறள் அங்கிருந்துதான் தொடங்கும்.

கூடாரம் வந்து போர்ட்டிகோவில் கிடக்கிறது. மென்கூரை வகை, 60 கிலோ. ரெயிலில் பூட்டிய இரண்டு அலுமினியக் குறுக்குச் சட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நாங்களே ஏற்ற முடியுமா? எப்படி?
டி.ஜே., கல்கிசை

ஏற்றலாம். நான்கு பேரும், இரண்டு மணி நேரமும், 13 மி.மீ. ஸ்பானர் இரண்டும் போதும். அவசரப்படாமல் செய்தால் கராஜுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

தூக்குவதற்கு முன்னர் செய்யும் அளவெடுப்பில்தான் பாதி வேலை இருக்கிறது. முதலில் உங்கள் ரெயிலைப் பாருங்கள். சில வாகனங்களில் கூரை ரெயில் அழகுக்காக ஒட்டிய பிளாஸ்டிக் மட்டுமே. அதில் சட்டம் பூட்டியிருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள். உலோக ரெயில்தான் என்றால், இரண்டு சட்டங்களுக்கும் இடையிலான தூரத்தை அளவுங்கள். கூடாரத்தின் கையேடு குறைந்தபட்ச இடைவெளி தந்திருக்கும். பெரும்பாலும் 75 முதல் 100 செ.மீ. வரையான வீச்சில் வைத்தால் சரிவரும். நெருக்கமாக வைத்தால் கூடாரத்தின் முன் நுனியும் பின் நுனியும் குழிகளில் ஊஞ்சல் போல ஆடி, கிளாம்பைத் தளர்த்தும். பின்கதவை முழுதாகத் திறந்து, அதன் மேல் விளிம்பு எவ்வளவு முன்னே வருகிறது என்று குறியுங்கள். கூடாரம் அந்தக் கோட்டுக்கு முன்னால் முடிய வேண்டும். கூரையில் அன்ரெனா இருந்தால் அதன் உயரத்தையும் அளவுங்கள். பிறகு சட்டங்களின் நடுப்புள்ளியில் ஒட்டுநாடாவால் குறி வையுங்கள், கூடாரத்தின் அடியிலும் அப்படியே. மேலே தூக்கிய பின்னர் நடுவைத் தேடி நான்கு பேரைக் காக்க வைக்க வேண்டிவராது.

கூடாரத்தின் அடியில் இரண்டு அலுமினியத் தடங்கள் இருக்கும். அவை குறுக்குச் சட்டங்களுக்குச் செங்குத்தாக, அதாவது வாகனத்தின் நீளவாக்கில் வர வேண்டும். எந்தப் பக்கம் திறப்பது என்று முடிவெடுத்த பிறகே தடங்களைப் பூட்டுங்கள், ஏனென்றால் திசை மாறினால் தடமும் மாறும். பெட்டியில் பொதுவாக எட்டு எம் 8 போல்ட், எட்டு வாஷர், எட்டு நைலொக் நட்டு (உள்ளே நைலோன் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்டு), நான்கு கிளாம்ப் தட்டு வரும்: ஒரு கிளாம்புக்கு இரண்டு போல்ட். போல்ட் தலைகளைத் தடத்துக்குள் முன்கூட்டியே நுழைத்துவிடுங்கள். மேலே ஏற்றிய பின் நுழைப்பது கையை வெட்டும் வேலை.

தூக்கும்போது ஏணியையும் மெத்தையையும் வெளியே எடுத்துவிடுங்கள், பத்துக் கிலோ வரை குறையும். பழைய கம்பளி ஒன்றைக் கூரையின் பின் விளிம்பில் விரித்து, பின்னாலிருந்து தூக்கிச் சட்டங்களின் மேல் சாய்த்து முன்னோக்கித் தள்ளுங்கள். பக்கவாட்டில் தூக்கப் போனால் கதவுக் கண்ணாடியிலும் பெயின்றிலும் உராயும். முன்னே தள்ளும்போது ஒருவர் பக்கத்தில் நின்று குறியைப் பார்த்துச் சொல்லட்டும்.

குறி சேர்ந்ததும் நான்கு கிளாம்பையும் கையால் மட்டும் மாட்டுங்கள். ஒன்றையும் முழுதாக இறுக்க வேண்டாம். பிறகு முன் இடது, பின் வலது, முன் வலது, பின் இடது என்று மூலைக்கு மூலை, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். ஒரு மூலையை முதலில் முழுதாக இறுக்கினால் தட்டு சாய்ந்து, சட்டத்தை ஒரு விளிம்பில் மட்டும் கடிக்கும். அப்படிக் கடித்த கிளாம்ப் முதல் நாள் கல்லுப் போலிருக்கும், ஒரு வாரத்தில் தளர்ந்துவிடும். எவ்வளவு இறுக்குவது என்பதற்குக் கூடாரக் கையேட்டின் எண்ணையே பின்பற்றுங்கள்.

காற்றுத் துப்பாக்கியையும் பற்றரித் துப்பாக்கியையும் இந்த வேலைக்குக் கிட்ட எடுக்காதீர்கள். துருப்பிடிக்காத உருக்குப் போல்ட்டில் அதே உருக்கு நட்டை வேகமாகச் சுற்றினால் சூட்டில் புரிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். புரியில் சிறிது ஒட்டாமைக் கிறீஸ் பூசி, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினாலும் ஆபத்துத்தான்: போல்ட் தலை அலுமினியத் தடத்தின் உதட்டை விரித்துவிடும். விரிந்த உதட்டை நிமிர்த்திப் பயனில்லை, தடத்தையே மாற்ற வேண்டும்.

நைலொக் நட்டுக்கு வெளியே இரண்டு புரியாவது தெரிய வேண்டும். அதற்கு மேல் நீண்டு கூரையை நோக்கி நிற்கும் போல்ட்டை வெட்டுங்கள். பாரம் ஏறும்போது சட்டம் சற்று வளையும். நீண்ட போல்ட் முனை அப்போது கூரைத் தகட்டில் பள்ளம் போடும். வெட்டிய முனையை அரத்தால் தேய்த்துத் தொப்பி மாட்டிவிடுங்கள். ஒருமுறை கழற்றிய நைலொக் நட்டை மறுபடி பாவிக்காதீர்கள். அதன் நைலோன் வளையத்தின் பிடி குறைந்திருக்கும். அளவைக் காட்டிக் கேட்டால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் புதிது கிடைக்கும்.

கடைசிச் சோதனை: கூடாரத்தின் முன் மூலையைப் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். வாகனம் முழுதும் ஸ்பிரிங்கில் ஆட வேண்டும். கூடாரம் தனியே ஆடினால் எங்கோ இடைவெளி இருக்கிறது. இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் தட்டின் மேலும் சேர்த்துப் பெயின்ற் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நட்டு திரும்பினால் கோடு உடைந்து காட்டும், ஸ்பானர் எடுக்காமலே தெரிந்துவிடும். முதல் 50 கிலோமீற்றரில், கொழும்பிலிருந்து களுத்துறை தாண்டும் தூரத்தில், நிறுத்தி எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள். சட்டத்தின் கால்கள் ரெயிலைப் பிடிக்கும் இடங்களையும் விட்டுவிடாதீர்கள். கூடாரத்தின் நட்டை மட்டும் பார்ப்பவர்கள் அதைத்தான் மறக்கிறார்கள்.

கல்கிசை என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறோம். கடற்காற்றின் உப்பு ஈரத்தில் அலுமினியமும் துருப்பிடிக்காத உருக்கும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி, புரிகளுக்குக் கிறீஸ் பூசுங்கள்.

எந்தப் பக்கம் திறப்பது நல்லது? ஏணி எப்படி நிற்க வேண்டும்?
பி.எஸ்., வெள்ளவத்தை

நாம் இடது பக்கமாக ஓட்டும் நாட்டவர்கள். ஆகவே பக்கவாட்டில் திறப்பதென்றால் இடது பக்கம்: இரவில் இறங்குபவரின் கால் தெருவில் படக்கூடாது. பின்பக்கம் திறந்தால் நிழல் நன்றாகக் கிடைக்கும், ஆனால் டிக்கியைத் திறக்கும்போதெல்லாம் ஏணி குறுக்கே நிற்கும்.

மடிப்புக் கூடாரத்தில் ஏணி ஏறுவதற்கு மட்டுமல்ல, வெளியே நீட்டிய பாதித் தளத்தைத் தாங்கும் தூணும் அதுதான். நிலத்தோடு 70 முதல் 75 பாகை வரை சாய்வு வேண்டும். தளம் 2 மீற்றர் உயரத்தில் இருந்தால், தளத்தின் விளிம்புக்கு நேர்கீழேயிருந்து ஏணிக்கால் 55 முதல் 70 செ.மீ. வரை வெளியே நிற்கும். நீளம் கூடினால் தளம் மேல்நோக்கி வளையும், குறைந்தால் தளத்தின் முழுப் பாரமும் கீல்களில் தொங்கும். ஈர மண்ணில் ஒவ்வொரு ஏணிக்காலுக்கும் கீழே ஒரு பலகைத் துண்டு வையுங்கள். இரவில் ஒரு கால் இரண்டு அங்குலம் புதைந்தால் தளமும் அந்தப் பக்கம் இறங்கும். வாகனத்தின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைபிரேக் இழுத்துவிட்டு ஏறுங்கள்.

அதிவேகப் பாதையில் 100இல் போகலாமா? எரிபொருள் எவ்வளவு கூடும்?
ஏ.என்., நுகேகொடை

தெற்கு அதிவேகப் பாதையின் எல்லை 100தான், ஆனால் கூடாரத்தோடு 80இல் போகும்படி சொல்வோம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 50இல் இருந்ததை விட 100இல் அந்த விசை நான்கு மடங்கு. எரிபொருள் கூடுவது வாகனத்தின் வடிவத்தைப் பொறுத்தது. ஒரே பாதையில் ஒருமுறை கூடாரத்தோடும் ஒருமுறை இல்லாமலும் தாங்கியை நிரப்பிப் பார்த்தால் உங்கள் வாகனத்தின் எண் தெரிந்துவிடும். உறையின் முன் சிப் முழுதாக மூடியிருக்கிறதா, வார்களின் நுனி தொங்குகிறதா என்று புறப்படும்போது பாருங்கள். காற்றில் அடிக்கும் வார் ஒரே பயணத்தில் உறையைக் கிழித்துவிடும்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். 1.85 மீற்றர் ஜீப், 10 செ.மீ. சட்டம், 30 செ.மீ. மடித்த கூடாரம்: மொத்தம் 2.25 மீற்றர். நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் ஒன்றின் வாசலில் 2.1 என்று பலகை இருந்தால் நீங்கள் உள்ளே போக முடியாது. உங்கள் எண்ணைத் துண்டில் எழுதி ஸ்டியறிங்கின் பக்கத்தில் ஒட்டுங்கள்.

ஒரு மழைப் பயணத்துக்குப் பிறகு இரண்டு வாரம் மூடி வைத்தேன். உள்ளே கறுப்புப் புள்ளிகளும் மணமும். என்ன செய்வது?
ஆர்.எல்., கிருலப்பனை

அது பூஞ்சணம். கொழும்பின் ஈரப்பதத்தில் ஈரத் துணியை மடித்து வைத்தால் இரண்டு மூன்று நாளிலேயே தொடங்கிவிடும். வெயில் உள்ள நாளில் முழுதாக விரித்து, காய்ந்த புள்ளிகளை மென்மையான தூரிகையால் வெளியே தட்டி, இளஞ்சூட்டு நீரும் மென்மையான சவர்க்காரமும் கொண்டு துடைத்து, வெள்ளை வினாகிரியைத் தண்ணீரில் சமபங்காகக் கலந்து தெளித்து, ஒரு மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். குளோரின் வெளுப்பான் வேண்டாம்: புள்ளி போகும், ஆனால் நூலும் தையலும் நீர்காப்புப் பூச்சும் பலம் இழக்கும். ஆழமாக ஊறிய கறை முழுதாகப் போகாமல் இருக்கலாம். மணம் போய்விட்டால் பாவிக்கலாம். மெத்தையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். படுத்திருப்பவரின் உடல் ஈரம் குளிர்ந்த தளத்தில் பட்டு அங்கேதான் தண்ணீராகத் தேங்கும். மெத்தைக்குக் கீழே காற்று ஓடும் வலைப் பாய் போட்டால் இது வெகுவாகக் குறையும்.

மழையில் மடிக்க நேர்ந்தால் வீடு வந்த அன்றோ மறுநாளோ விரித்து, துணி மட்டுமல்ல தையல்களும் காயும் வரை விடுங்கள். அடுக்குமாடியில் இடமில்லை என்றால், வாகனத் தரிப்பிடத்தில் பாதி திறந்து, உள்ளே மின்விசிறி ஒன்றை ஓடவிட்டாலும் பலன் உண்டு. புதுப் பருத்திக் கலப்புக் கன்வஸ் முதல் மழையில் தையல் வழியாகச் சற்று ஒழுகும். வீட்டிலேயே இரண்டு மூன்று முறை நனைத்துக் காயவிட்டால் நூல் பருத்து ஊசித் துளைகள் அடைபடும்.

காற்றும் இடியும் வந்தால் மேலேயே இருக்கலாமா?
என்.டி., பம்பலப்பிட்டி

கற்பிட்டி போன்ற திறந்த கரையில், தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், கூடாரத்தின் திறந்த வாயைக் காற்றுக்கு எதிராக வைக்காதீர்கள். மடிப்பின் மூடிய பக்கம் காற்றைப் பார்க்கும்படி வாகனத்தைத் திருப்பி நிறுத்துங்கள். வெளி மழைத்திரையைத் தாங்கும் கம்பிகளைக் கழற்றிவிட்டால் படபடப்புக் குறையும்.

இடி வேறு விடயம். மின்னலில் காப்பது வாகனத்தின் மூடிய உலோகக் கூடு. அதற்கு மேலே துணிக்குள் படுத்திருப்பவருக்கு அந்தக் காப்பு இல்லை. ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடி முழக்கம் கேட்கத் தொடங்கியதுமே இறங்கி வாகனத்துக்குள் போய், கண்ணாடிகளை ஏற்றி, கதவின் உலோகப் பகுதிகளைத் தொடாமல் இருங்கள். கடைசி முழக்கம் கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகு மேலே ஏறலாம்.